விரல் நுனியில் எந்த உத்தியோகமும் எழுதியிருக்கவில்லை: திருகோணமலை மாவட்டத்துப் பாடசாலை அதிபர்களுக்கும் தொழில் வழிகாட்டல் ஆசிரியர்களுக்கும் ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய அதிபர்களுக்கும் ஆசிரியர்களுக்கும்,

சென்ற மாதம் ஒரு மாலைப் பொழுதில் திருக்கடலூரிலிருந்து ஒரு தாய் தன் மகளை அழைத்துக்கொண்டு என் வீட்டுக்கு வந்தார். சாதாரண தரப் பரீட்சை எழுதிவிட்டுப் பெறுபேற்றுக்காகக் காத்திருக்கும் அந்தப் பிள்ளையை எனக்குச் சிறு வயதிலிருந்தே தெரியும். ஒரு கணக்கு வராவிட்டால் வரும்வரை எழுந்திருக்காதவள். தாயின் கையில் பளபளப்பான அட்டை போட்ட ஒரு புத்தகம் இருந்தது. பாடசாலை மண்டபத்தில் ஒரு தனியார் நிறுவனம் பிள்ளைகளின் பத்து விரல்களையும் ஒரு கருவியில் வைத்து ரேகை எடுத்து, ஆளுக்கு 7,500 ரூபாய் வாங்கிக்கொண்டு கொடுத்த அறிக்கை அது. பிறவியிலேயே மரபணு வழியாக வந்த திறன்கள் என்ற தலைப்பின் கீழ் வட்ட வரைபுகளும் தசம தானத்தோடு சதவீதங்களும் அச்சிடப்பட்டிருந்தன. பொருத்தமான தொழில்கள் என்று ஒரு பக்கம், தவிர்க்க வேண்டியவை என்று மறுபக்கம். தவிர்க்க வேண்டியவற்றில் முதலாவது பொறியியல். “சேர், பிள்ளையின்ர ரத்தத்தில கணக்கு இல்லையாம். உண்மையோ?” என்று தாய் கேட்டார். மகள் ஒன்றும் கேட்கவில்லை. தன் கட்டைவிரலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அன்று அவர்களுக்கு நான் சொன்ன பதிலையே சற்று விரித்து உங்களுக்கு எழுதுகிறேன். எந்தப் பாடசாலை என்று குறிப்பிடப் போவதில்லை. அங்குள்ளவர்கள் நல்லெண்ணத்தோடுதான் மண்டபத்தைத் திறந்துவிட்டிருப்பார்கள் என்றே நம்புகிறேன். ஆனால் அதே நிறுவனமோ அதைப் போன்ற இன்னொன்றோ நாளை உங்கள் வாசலுக்கும் வரக்கூடும். 31 ஆண்டுகள் உயர்தர வகுப்புக்கு உயிரியல் கற்பித்தவன் என்ற முறையில், மரபணுவுக்கும் மனிதரின் நடத்தைக்கும் தொடர்பே இல்லை என்று நான் வாதாட வரவில்லை. தொடர்பு உண்டு, அது பல நாடுகளில் அளக்கப்பட்டும் இருக்கிறது. அளந்தவர்கள் கண்டதற்கும் அந்தப் புத்தகத்தில் அச்சிட்டிருப்பதற்கும் இடையிலுள்ள தூரமே என் கவலை.

இத்துறையின் அடிப்படை இரட்டையர் ஆய்வு. ஒரே கருமுட்டையிலிருந்து பிரிந்த இரட்டையருக்கு மரபணுக்கள் ஏறத்தாழ முழுவதும் பொதுவானவை. இரண்டு கருமுட்டைகளிலிருந்து உருவானவர்களுக்கு, மற்ற உடன்பிறப்புகளைப் போலவே, சராசரியாகப் பாதிதான் பொது. முதல் வகையினர் ஒரு பண்பில் இரண்டாம் வகையினரைவிட எவ்வளவு கூடுதலாக ஒத்திருக்கிறார்கள் என்பதைக் கொண்டு, அந்தப் பண்பில் மக்களுக்கிடையே காணப்படும் வேறுபாட்டில் மரபின் பங்கு எவ்வளவு என்று கணிக்கிறார்கள். ஐம்பது ஆண்டுகளில் வெளியான 2,748 ஆய்வுக் கட்டுரைகளை ஒன்றுதிரட்டி 2015ஆம் ஆண்டு வெளியிடப்பட்ட ஆய்வில், எல்லாப் பண்புகளையும் சேர்த்துப் பார்த்தால் அந்தப் பங்கு சராசரியாக 49 சதவீதம் என்று தெரிந்தது. அமெரிக்காவின் மினசோட்டாவில் தோமஸ் புஷார்ட் 1979இல் தொடங்கிய, குழந்தையிலேயே பிரிந்து வெவ்வேறு வீடுகளில் வளர்ந்த இரட்டையர் பற்றிய ஆய்வு தொழிலைப் பற்றியே நேரடியாகக் கேட்டது. அத்தகைய 34 சோடிகளை வைத்து 1989இல் வெளியான கட்டுரையின்படி, வேலையில் ஒருவர் காணும் திருப்தியில் ஆளுக்காள் உள்ள வேறுபாட்டில் ஏறத்தாழ 30 சதவீதம் மரபோடு தொடர்புடையது. தலைமைப் பொறுப்புகளை ஏற்பதிலும் கிட்டத்தட்ட இதே அளவை 2006ஆம் ஆண்டின் ஓர் ஆய்வு கண்டது.

இந்த எண்களை நான் மதிக்கிறேன். ஒரே வகுப்பில் முப்பது பிள்ளைகளைப் பார்த்த எந்த ஆசிரியருக்கும் இவை வியப்பைத் தரா. ஆனால் மரபு வழியாக வருவது உத்தியோகம் அன்று, இயல்பின் ஒரு சாய்வு: ஒருவர் எளிதில் பதறுபவராகவும், இன்னொருவர் புதியதைத் தேடுபவராகவும், மற்றொருவர் ஆட்களோடு பேசிக்கொண்டிருந்தால்தான் உயிரோடு இருப்பதாக உணர்பவராகவும் இருக்கிறார்கள் அல்லவா, அந்தச் சாய்வு. ஆபத்துக்கு அஞ்சாத ஒருவன் ஆழ்கடலுக்குப் போகலாம், கடன் வாங்கிக் கடை திறக்கலாம், சத்திரசிகிச்சை நிபுணராகவும் ஆகலாம். இந்த மூன்றில் எதை அவன் செய்வான் என்பதை அவன் பிறந்த வீடும், படித்த பாடசாலையும், அவனுக்கு எதிர்ப்பட்ட ஆட்களும் தீர்மானிப்பதை நாம் கண்ணால் பார்த்துக்கொண்டிருக்கிறோம்.

49 சதவீதம் என்பதையும் பலர் தவறாக விளங்கிக்கொள்கிறார்கள். ஒரு பிள்ளையின் கணிதத் திறனில் பாதி பெற்றோரிடமிருந்து வந்தது, மீதி பாடசாலை தந்தது என்று அதற்குப் பொருளில்லை. அது ஒரு தனிப் பிள்ளையைப் பற்றிய கணக்கே அல்ல. ஒரு குறிப்பிட்ட மக்கள் கூட்டத்தில், ஒரு குறிப்பிட்ட காலத்தில், அவர்கள் வாழ்ந்த சூழலில் காணப்பட்ட வேறுபாடுகளைப் பற்றிய கணக்கு அது. சூழல் மாறினால் எண்ணும் மாறும். கந்தளாய்க் குளத்துத் தண்ணீர் தவறாமல் பாயும் தம்பலகாமத்து வயலில் ஒரு பயிர் உயர்ந்தும் ஒரு பயிர் தாழ்ந்தும் நின்றால் விதையைச் சந்தேகிக்கலாம். வாய்க்காலின் கடைக்கோடியில் தண்ணீர் வந்தும் வராமலும் கிடக்கும் வயலில் விதையைக் குறை சொல்ல யாருக்கு மனம் வரும்?

உளவியலாளர் எரிக் டேர்க்ஹைமரும் அவரது சகாக்களும் 2003இல் அமெரிக்காவில் ஏழு வயது இரட்டையரிடம் கண்டது இதுவே. வசதியான குடும்பங்களில் நுண்ணறிவுப் புள்ளிகளின் வேறுபாட்டில் மரபின் பங்கு பெரிதாக இருந்தது. மிக வறிய குடும்பங்களில் அது பூச்சியத்தை அண்மித்தது, வேறுபாட்டின் பெரும்பகுதியை வீட்டுச் சூழலே விளக்கியது. 2016இல் பல நாட்டுத் தரவுகளை ஒப்பிட்டபோது இந்த ஏற்றத்தாழ்வு அமெரிக்காவில் தென்பட்டது, மேற்கு ஐரோப்பாவிலும் அவுஸ்திரேலியாவிலும் தென்படவில்லை. அங்கெல்லாம் ஏழைப் பிள்ளைக்கும் ஓரளவு நல்ல பாடசாலையும் மருத்துவமும் கிடைப்பது ஒரு காரணமாகலாம் என்று ஆய்வாளர்கள் கருதினார்கள். இதை வாசித்த நாளில் எனக்குக் கிளிவெட்டி முகாம்தான் நினைவுக்கு வந்தது. 2006இல் சம்பூரிலிருந்து இடம்பெயர்ந்து, சொந்த நிலத்துக்குத் திரும்பப் பத்து ஆண்டுகள் அளவில் காத்திருந்த குடும்பங்களின் பிள்ளைகள் தறப்பாளின் கீழ் இருந்து படித்தார்கள். அவர்களில் ஒருவர் கணிதத்தில் பின்தங்கினால், அதற்கான காரணத்தை அவருடைய குருதியில் தேடும் ஒரு புத்தகத்தை எந்த முகத்தோடு நாம் அவர் கையில் கொடுப்பது?

இரட்டையரை விட்டு நேரடியாக டி.என்.ஏ.யையே வாசித்துச் சொல்லிவிட முடியாதா என்று சிலர் கேட்கிறார்கள். உமிழ்நீரை ஒரு குழாயில் அடைத்து அனுப்பினால் பிள்ளையின் திறமையைச் சொல்வதாகக் கூறும் நிறுவனங்கள் பல நாடுகளில் உள்ளன. மனித மரபணுத் தொகுதியை வாசிக்கும் திட்டம் 2003இல் நிறைவுற்றது; புரதங்களை ஆக்கும் மரபணுக்கள் நம்மிடம் ஏறத்தாழ 20,000 இருக்கின்றன. கணக்குக்கு ஒன்று, வியாபாரத்துக்கு ஒன்று என்று அவற்றில் எதுவும் இல்லை. ஒருவர் எத்தனை ஆண்டு கல்வி கற்றார் என்பதோடு தொடர்புடைய இடங்களைத் தேடி 2018இல் பதினொரு இலட்சம் பேரின் டி.என்.ஏ.யை ஆராய்ந்தபோது 1,271 இடங்கள் அகப்பட்டன. அவற்றில் நடுத்தரமான ஒன்றின் விளைவு இரண்டு வாரப் படிப்புக்குக்கூட ஈடாகவில்லை. அவற்றோடு டி.என்.ஏ.யின் மற்ற இடங்களையும் கூட்டிப் பார்த்தாலும் கல்விக் கால வேறுபாட்டில் 11 முதல் 13 சதவீதத்தைத்தான் விளக்க முடிந்தது. 2022இல் முப்பது இலட்சம் பேரைச் சேர்த்தும் அது 16 சதவீதத்தைத் தாண்டவில்லை. ஒரே வீட்டு உடன்பிறப்புகளை ஒருவரோடொருவர் ஒப்பிடும்போது இந்த வலு ஏறத்தாழப் பாதியாகக் குறைகிறது. இந்த எண்கள் எல்லாம் ஐரோப்பிய வம்சாவளியினரிடம் எடுக்கப்பட்டவை. வேறு வம்சாவளியினரிடம் பயன்படுத்தும்போது இன்னும் வெகுவாக வீழ்ந்துவிடுகின்றன. இவ்வளவு பெரிய ஆய்வுகளால் இயலாத ஒன்றை மூதூரிலோ கிண்ணியாவிலோ உள்ள ஒரு பிள்ளைக்குத் தசம தானம்வரை சொல்லிவிட முடியும் என்று ஒருவர் பணம் கேட்டால், அவர் எதைக் கொண்டு சொல்கிறார் என்று கேட்கும் கடமை நமக்கு இருக்கிறது.

விரல் ரேகையின் நிலை இதைவிட மோசம். ரேகை வடிவங்களோடு தொடர்புடைய மரபணுக்கள் 2022இல் விரிவாக ஆராயப்பட்டன. அவற்றில் பல கருவில் கை கால்கள் வளர்வதை நடத்தும் மரபணுக்கள் என்று தெரியவந்தது. சில நிறமூர்த்தக் (குரோமோசோம்) கோளாறுகளில் உள்ளங்கை மடிப்பு வேறுபட்டிருப்பது மருத்துவர்கள் அறிந்த உண்மைதான், விற்பவர்கள் பற்றிக்கொள்ளும் நூலிழையும் அதுவே. ஆனால் அங்கிருந்து ‘இவளுக்குப் பொறியியல் ஆகாது’ என்பதற்குப் போக வழியே இல்லை. ஆங்கிலேய அறிஞர் பிரான்சிஸ் கால்ற்றனை இங்கே குறிப்பிட வேண்டும். மேதைமை குடும்ப வழி வருவது என்று வாழ்நாள் முழுவதும் வாதாடியவர், உயர்ந்த பிறப்பினர் என்று கருதப்படுவோரையே பெருகச் செய்ய வேண்டும் என்ற நல்லினப் பெருக்கக் கொள்கைக்கு 1883இல் பெயர் சூட்டியவர், அந்தக் கொள்கை பிற்காலத்தில் செய்த கொடுமைகளை உலகம் அறியும். விரல் ரேகைகளை முதன்முதலாக முறைப்படி வகுத்தவர்களில் அவரும் ஒருவர். ரேகையில் ஒருவரின் இனமும் இயல்பும் தெரியும் என்று அவர் பெரிதும் எதிர்பார்த்தார். தேடிப் பார்த்துவிட்டு, அந்த எதிர்பார்ப்புப் பொய்த்துப்போனதாக 1892இல் தாமே எழுதினார். பிறப்பே எல்லாம் என்று அவ்வளவு உறுதியாக நம்பியவருக்கே அகப்படாதது நம் பாடசாலை மண்டபத்தில் எப்படி அகப்படும்? இந்திய மனநல மருத்துவர் சங்கமும் இந்த ரேகைச் சோதனைக்கு அறிவியல் அடிப்படை இல்லை என்று தன் நிலைப்பாட்டை அறிவித்திருக்கிறது.

இதை எந்த ஆசிரியரும் ஒரு பாட வேளையில் காட்டிவிடலாம். என் வகுப்பில் ஒருமுறை ஒத்த இரட்டைச் சகோதரிகள் இருவர் படித்தார்கள். அலுவலகத்தில் முத்திரை குத்தும் மைப்பெட்டியை வாங்கிவந்து, இருவரின் வலது கட்டைவிரலையும் ஒரே தாளில் பக்கத்தில் பக்கத்தில் பதித்து, கைவில்லையை வகுப்பில் சுற்றுக்கு விட்டேன். பொதுவான சுழி வடிவம் ஒத்திருந்தது. ஆனால் ஒருத்தியின் ரேகை இரண்டாகப் பிரியும் இடத்தில் மற்றவளின் ரேகை சட்டென்று முடிந்திருந்தது. மரபணு முழுவதும் பொதுவாக இருக்கும் இருவரிடமே ரேகை இப்படி வேறுபடுகிறதென்றால், அதை மரபணுவின் நகல் என்று எப்படி விற்பது என்று பின்வாங்கில் இருந்த ஒரு மாணவன் கேட்டான். அவன் கேள்விக்கு மேல் நான் சேர்க்க எதுவும் இருக்கவில்லை.

மரபணு உண்மையிலேயே ஒரு தொழிலின் வாசலை மூடுவதும் உண்டு. அதை நான் புத்தகத்தில் மட்டும் படித்தவனல்லன். பத்தொன்பது வயதில் கப்பல் அதிகாரியாகப் பயிற்சி பெறுவதற்காகக் கொழும்பில் ஒரு மருத்துவப் பரிசோதனைக்குப் போனேன். வண்ணப் புள்ளிகளால் ஆன வட்டங்கள் உள்ள ஒரு புத்தகத்தை என் முன் விரித்தார்கள். ஜப்பானிய கண் மருத்துவர் ஷினோபு இஷிஹாரா 1917இல் வெளியிட்ட முறை அது என்பதைப் பின்னாளில் அறிந்தேன். மற்றவர்கள் இலக்கத்தைக் கண்ட இடத்தில் எனக்கு வெறும் புள்ளிகள்தான் தெரிந்தன. மருத்துவர் நான்கு பக்கங்களைப் புரட்டிவிட்டு, அடுத்தவரை வரச் சொன்னார். என்ன நடந்தது என்று யாரும் எனக்குச் சொல்லவில்லை. இரவு மெயில் புகையிரதத்தில் ஊர் திரும்பினேன். விடியும்வரை யன்னலோரத்தில் இருந்து, ஒவ்வொரு நிலையத்திலும் கைகாட்டி விளக்கின் நிறத்தைக் கண்டுபிடிக்க முயன்றுகொண்டிருந்தேன்.

அந்த விதி நியாயமானது. கப்பலின் இடப்பக்கம் சிவப்பும் வலப்பக்கம் பச்சையும் எரியும்போது அவற்றைப் பிரித்தறிய முடியாதவன் கப்பலைச் செலுத்துவது மற்றவர் உயிருக்கு ஆபத்து. 1875இல் சுவீடனில் நடந்த ஒரு புகையிரத விபத்துக்குப் பிறகு உடலியலாளர் ஃபிரித்தியோவ் ஹோம்கிரென் நிறமூட்டிய கம்பளி நூல்களைக் கொண்டு ஊழியர்களின் நிறப்பார்வையைச் சோதிக்கும் வழக்கத்தைத் தொடக்கிவைத்தார். சிவப்பு, பச்சை நிறக்குருடு எக்ஸ் நிறமூர்த்தத்திலுள்ள மரபணுக்களால் வருவது. அதனால் ஆண்களிடம் கூடுதலாகவும் பெண்களிடம் அரிதாகவும் காணப்படுகிறது. வேதியியலாளர் ஜோன் டால்ற்றன் தனக்கு இருந்த இந்தக் குறையை 1794இல் விவரித்தார். பாதுகாத்து வைக்கப்பட்டிருந்த அவரது கண்ணிலிருந்து டி.என்.ஏ.யை எடுத்து 1995இல் அந்த மரபணுக் குறையை உறுதிசெய்தார்கள். ஒரு குறிப்பிட்ட மரபணு, ஒரு குறிப்பிட்ட குறைபாடு, ஒரு குறிப்பிட்ட பணி, ஐந்து நிமிடத்தில் முடியும் ஒரு சோதனை: மரபணு ஒரு தொழிலைத் தடுப்பது இப்படித்தான் இருக்கும்.

எனக்கு இது அம்மப்பாவிடமிருந்து அம்மா வழியாக வந்தது. என் தம்பிக்கு வரவில்லை. அம்மப்பா திருக்கடலூரில் மீன்பிடித்தவர். பத்து வயதில் அவரோடு வள்ளத்தில் போயிருக்கிறேன். இரவில் துறைமுக வாயிலை நோக்கிக் கப்பல் வரும்போது அவர் நிற விளக்குகளைப் பார்க்கவே மாட்டார். “மேல ரெண்டு வெள்ளை வெளிச்சம் தெரியுதோ? பதிஞ்சது முன்னுக்கு, உசந்தது பின்னுக்கு. பதிஞ்சது எந்தப் பக்கம் விலகி நிக்குதோ கப்பல் அந்தப் பக்கம் போகுது. ரெண்டும் ஒண்டுக்கு மேல ஒண்டா வந்திட்டா எங்கட நேருக்குத்தான் வருது, கெதியா விலகோணும்” என்று சொல்லித்தந்தார். தனக்கு நிறம் தெரியவில்லை என்பதே அவருக்குத் தெரியாது. பார்க்கக்கூடியதைக் கொண்டு தன் தொழிலை அமைத்துக்கொண்டிருந்தார். நானும் அப்படியே கற்பித்தேன். சாயமிட்ட தாவரத் தண்டின் வழுக்கியை நுணுக்குக்காட்டியில் வைத்தபின், எது சிவப்பு, எது பச்சை என்று மாணவர்களிடம் கேட்டுவிட்டுத்தான் பாடத்தைத் தொடங்குவேன்.

நம் ஊரில் கடற்றொழிலாளரின் பிள்ளையைப் பார்த்து, மீன்குஞ்சுக்கு நீந்தக் கற்றுக்கொடுக்க வேண்டுமா என்று சொல்கிறோம். பாசமாகச் சொல்வதும் உண்டு, ‘நீ அங்கேயே இரு’ என்று சொல்வதும் உண்டு. அந்தப் பிள்ளை ஐந்து வயதிலிருந்து வள்ளத்தின் அணியத்தில் இருந்திருக்கிறது என்பது அந்தப் பேச்சில் மறைந்துவிடுகிறது. சுவீடனில் தத்துக் கொடுக்கப்பட்ட பிள்ளைகளை ஆராய்ந்து 2015இல் வெளியான ஆய்வு இதைப் பிரித்துக் காட்டியது. சொந்தத் தொழில் நடத்தும் பெற்றோரின் பிள்ளைகள் தாங்களும் சொந்தத் தொழில் தொடங்குவதில், பெற்றவர்களின் செல்வாக்கும் இருந்தது, வளர்த்தவர்களின் செல்வாக்கும் இருந்தது. ஆனால் வளர்த்தவர்களுடையது ஏறத்தாழ இரண்டு மடங்காக இருந்தது. 2018இல் ஐஸ்லாந்தில் செய்த ஆய்வு இன்னும் நுட்பமானது: பிள்ளைக்குக் கடத்தப்படாத பெற்றோரின் மரபணுக்கள்கூட அந்தப் பிள்ளையின் கல்வியோடு தொடர்புடையனவாக இருந்தன. பெற்றோரின் இயல்பு வீட்டை அமைக்கிறது, வீடு பிள்ளையை அமைக்கிறது என்பதே அதன் விளக்கம். குலத்தொழில் என்று பிள்ளைகளைக் கட்டிவைத்த பழைய வழக்கத்திலிருந்து விடுபட நம் சமூகம் எவ்வளவு பாடுபட்டது என்பதை நீங்கள் அறிவீர்கள். அதே கட்டு இப்போது கணினி வரைபாக அச்சாகி வரும்போது அதை நாமே மண்டபத்துக்குள் வரவேற்கக் கூடாது.

தொழில் கொடுப்பவர்கள் இதை எடுத்துக்கொண்டால் என்ன நடக்கும் என்பதற்கும் சான்று உண்டு. அமெரிக்காவில் ஒரு பெரிய புகையிரத நிறுவனம் மணிக்கட்டு நோவுக்கு இழப்பீடு கேட்ட ஊழியர்களின் குருதியை அவர்களுக்குத் தெரியாமல் மரபணுச் சோதனைக்கு உட்படுத்தியது. 2001இல் தொடரப்பட்ட வழக்கு, அடுத்த ஆண்டு 22 இலட்சம் டொலர் கொடுத்து முடிக்கப்பட்டது. மரபணுத் தகவலை வைத்து வேலையில் பாகுபாடு காட்டுவதை 2008இல் அந்த நாடு சட்டத்தால் தடுத்தது. மரபியல் பண்புகளின் பேரில் யாரையும் பாகுபடுத்தலாகாது என்று யுனெஸ்கோ 1997இலேயே பிரகடனம் செய்தது. நமது அரசியலமைப்பின் 12(2)ஆம் உறுப்புரை இனம், மதம், மொழி, சாதி, பால், அரசியற் கருத்து, பிறப்பிடம் ஆகியவற்றைப் பெயர் சொல்லிக் குறிப்பிடுகிறது. மரபணு அந்தப் பட்டியலில் இல்லை.

ஆகவே உங்களிடம் கேட்டுக்கொள்வது இது. ரேகையாலோ உமிழ்நீராலோ பிள்ளையின் தொழிலைச் சொல்வதாக வரும் எவருக்கும் பாடசாலை மண்டபத்தையும் பாடசாலையின் பெயரையும் கொடுக்காதீர்கள். ஏற்கெனவே அத்தகைய அறிக்கையை வாங்கிய பிள்ளைகளை அழைத்து, உயர்தரத்தில் எந்தப் பிரிவைத் தெரிவு செய்வது என்பதற்கு அது ஆதாரமாகாது என்று பெற்றோர் முன்னிலையில் சொல்லுங்கள். நீங்கள் சொன்னால்தான் அவர்கள் நம்புவார்கள், ஏனென்றால் அறிக்கையை வாங்கியதும் உங்கள் மண்டபத்தில்தான். ரேகைக்குச் செலவாகும் நேரத்தில் தரம் 8 அல்லது 9இலேயே எல்லாப் பிள்ளைகளின் நிறப்பார்வையையும் சோதித்துப் பாருங்கள். கடலுக்கோ புகையிரத இயந்திரத்துக்கோ ஆசைப்படும் ஒரு பையன் தன் கண்ணைப் பற்றிப் பத்தொன்பது வயதில், கொழும்பில், தனியாக அறிந்துகொள்ள நேரக் கூடாது. பதின்மூன்று வயதில், தன் ஆசிரியரிடமிருந்து, துறைமுகத்தில் இன்னும் எத்தனை வேலைகள் இருக்கின்றன என்பதோடு சேர்த்து அறிந்துகொள்ளட்டும்.

வேலைகளைப் பிள்ளைகள் கண்ணால் பார்க்கவும் வழி செய்யுங்கள். சீனக்குடா மாவாலை, புல்மோட்டைக் கனிய மணல், கோணேசபுரியிலுள்ள கிழக்குப் பல்கலைக்கழக வளாகம், நிலாவெளி விடுதிகள், பொது வைத்தியசாலையின் ஆய்வுகூடம் எல்லாம் பேருந்து தூரத்தில்தான் இருக்கின்றன. ஒரு நாள் அங்கு நின்று பார்த்துவிட்டு வரும் பிள்ளை தன் சாய்வு எந்தப் பக்கம் என்று ஓரளவாவது தானே கண்டுகொள்ளும். பிடிக்கவில்லை என்று தெரிந்தால் அதுவும் பயன்தான். வடக்குக் கிழக்கில் அரச உத்தியோகம் ஒன்றே உத்தியோகம் என்று நினைக்கும் பெற்றோர் பலர் என்பதால், இயன்றால் அவர்களையும் அந்தப் பேருந்தில் ஏற்றிக்கொள்ளுங்கள்.

திருக்கடலூர்ப் பிள்ளை கணிதப் பிரிவுக்கே விண்ணப்பிப்பதாகத் தாயிடம் சொல்லியிருக்கிறாள். அவளுடைய அறிக்கையைத் தாய் என்னிடமே விட்டுச் சென்றார். பிள்ளையின் பெயர் உள்ள பக்கத்தை எடுத்துவிட்டு, அதை எந்த அதிபருக்கும் காட்டி வரிக்கு வரி விளக்கச் சம்மதம் தந்திருக்கிறார். அழைத்தால் மைப்பெட்டியையும் கைவில்லையையும் இஷிஹாரா அட்டைகளையும் எடுத்துக்கொண்டு எந்தப் பாடசாலைக்கும் வருகிறேன். அட்டைகளிலுள்ள இலக்கங்களை வாசிக்க மட்டும் உங்களில் ஒருவர் என் பக்கத்தில் நிற்க வேண்டும்.

இங்ஙனம்,
ஓய்வுபெற்ற உயிரியல் ஆசிரியர் ஒருவர்,
திருகோணமலை.